பழனியம்மா வயலுக்குப் போற வெயில்

கண்ணு, மேல்காட்டுல நீங்க அளந்து நட்டு வெச்சுட்டுப் போன குச்சியெல்லாம் புடுங்கி அடுப்புல வெச்சுட்டேன். சிவப்பு ரிப்பன் கட்டியிருந்துச்சே, அந்தக் குச்சிங்கதான். காஞ்ச மூங்கில், நல்லா எரிஞ்சுது, அன்னைக்கு ராகிக் களி அதுலதான் கிண்டினேன். யாரோ திருடிட்டுப் போயிட்டாங்கன்னு நீ கூட்டிட்டு வந்த அந்த ரிசார்ட்டுக்காரரு போலீசு கீலீசுன்னு கிளம்பிரப் போறாருன்னுதான் எடுத்த எடுப்புலயே எழுதிட்டேன். திருட்டெல்லாம் இல்ல. எரிச்சது உன்னைப் பெத்தவ. கேட்டா அப்படியே சொல்லு, எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல.

இதை ஃபோன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா ஃபோன்ல நீ ரொம்ப நல்லாப் பேசறே சாமி. நான் ஒண்ணு சொன்னா நீ நாலு சொல்றே, நான் அடுத்ததை யோசிக்கறதுக்குள்ள "அம்மா, மீட்டிங் இருக்கு"ன்னு வெச்சிடறே. கடுதாசியில அந்த வேலை நடக்காது. நான் எழுதற வரைக்கும் நீ வாயை மூடிக்கிட்டுத்தான் படிக்கணும். தையில உனக்குக் கல்யாணம். ஊடு நிறைய சொந்தபந்தம் வந்துட்டா நாம ரெண்டு பேரும் ஒரு நிமிசம் தனியா உக்காந்து பேச முடியாது. அதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன். மேல்காட்டுல நாலு மாடிக் கட்டடம் வரக் கூடாது. குத்தகைப் பத்திரத்துல நீ கையெழுத்துப் போடக் கூடாது. இதுதான் விசயம், மிச்சமெல்லாம் ஏன்னு சொல்றதுக்குத்தான்.

பட்டா உன் பேருல இருக்கு, உங்கப்பா சாகறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சுட்டாரு, எனக்குத் தெரியும். நான் வேண்டாம்னு சொன்னாலும் சட்டப்படி நீ போட்டுக்கலாம். குச்சி நட வந்த அன்னைக்கு அதைத்தான் நீயும் மெதுவாச் சொன்னே, அந்த ரிசார்ட்டுக்காரரு காதுல விழாத மாதிரி. எனக்குக் காது நல்லாவே கேக்குது. அதனால நான் உன்கிட்ட அதிகாரம் பண்ணல. எனக்கு அதிகாரம் இல்லைன்னு தெரிஞ்சேதான் மாட்டேன்னு சொல்றேன்.

அந்த ரிசார்ட்டுக்காரரு நல்ல மனுசன்தான், மரியாதையாத்தான் பேசினாரு. மேட்டு விளிம்புல நின்னு கிழக்க கையைக் காட்டி, "ஏனுங்கம்மா, இங்க நின்னு பார்த்தா சூரியன் பொறக்கறது என்னமாத் தெரியும் பாருங்க. இந்த வெளிச்சத்துக்குத்தானுங்க ஜனம் மெட்ராசுல இருந்து வரும்"னாரு. எல்லா ரூமுக்கும் கிழக்க பார்த்த கண்ணாடிக் கதவாம். அந்தக் கதவுக்கெல்லாம் தடிமனான திரைச்சீலை உண்டுன்னு அடுத்த வாய்லயே சொன்னாரு, வர்றவங்க ஒன்பது மணி வரைக்கும் தூங்குவாங்களாம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கிழக்க பொறக்கற வெளிச்சத்தை வெலைக்கு வாங்கி, திரையைப் போட்டு மூடிட்டுத் தூங்கறதுக்கு ஒரு கட்டடம். அந்தக் கட்டடத்தோட நிழல் மேற்க எங்க போயி விழும்னு நான் கேட்டேன். அவரு உன்னைப் பார்த்தாரு. நீ ஃபோனை எடுத்துக் கணக்குப் போட்டுக் காமிச்சே.

உன் கணக்கு சரி. அதைத் தப்புன்னு சொல்ல நான் வரல. கார்த்திகையில சூரியன் தெக்க சாஞ்சு ஏறும், கட்டடம் இத்தனை உயரம், மேடு இத்தனை உயரம்னு எல்லாத்தையும் சேர்த்துத்தான் போட்டே. இப்ப எட்டு மணிக்குக் கீழ்வயல்ல இறங்கற வெயில், கட்டடம் வந்தா பத்து மணிக்குத்தான் இறங்கும்னு நீயே சொன்னே. "ரெண்டே மணி நேரம்தான்ம்மா, பகல் முழுக்க வெயில் கெடக்குதே"ன்னே. உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் சொல்ல மாட்டேன், அதுதான் எனக்கு வலிக்குது. நீ அந்த வரப்புல விழுந்து எந்திரிச்சு வளந்தவன். கார்த்திகை மாசம் கதிர் பால் புடிக்கற சமயத்துல ராப்பூரா பனி பேஞ்சு பயிர் நனைஞ்சு கெடக்கும், அந்தக் காலை வெயில்தான் அதை உலர்த்தும், மத்தியானத்துக்கு மேல மஞ்சு ஏறி எல்லாத்தையும் மூடிரும்னு உனக்குத் தெரியும். பனி உலராம கெடந்தா குலை நோய் புடிச்சுக் கதிர் பூரா மணி புடிக்காம வெறும் கருக்காயாப் போகும்னும் தெரியும். எல்லாம் தெரிஞ்சவன் "ரெண்டே மணி நேரம்"னு சொல்றப்பத்தான் எனக்கு வயிறு எரியுது.

கீழ்வயல் பழனியம்மாளோடது. உனக்கு அத்தை முறை, எனக்கு நங்கை முறை, உங்கப்பாவுக்குச் சித்தப்பா மக. புருசன் இல்ல, அந்த ஒரு வயலைத் தவிர வேற போக்கும் இல்ல. நானும் அவளும் பேசி எத்தனையோ வருசம் ஆச்சுன்னு நம்ம மலையில, இந்த அரியூர் நாட்டுல தெரியாதவங்க யாரும் இல்ல. அதைத்தான் நீ அன்னைக்குக் குத்திக் காமிச்சே. "பேச்சுவார்த்தையே இல்லாத பொம்பளைக்காகப் பெத்த மகன் பொழப்பக் கெடுக்கறியா"ன்னு கேட்டே. நீ கார்ல ஏறிப் போனதுக்கு அப்புறமும் அந்தச் சொல்லு ஊட்டுக்குள்ளயே கெடந்துச்சு. அதுக்குப் பதிலை இப்பச் சொல்றேன்.

நீ ஆறாவதோ ஏழாவதோ படிக்கறப்ப செருப்பு வாங்கின டப்பாவைக் கிழிச்சு மூணு அட்டை வெட்டினே, ஞாபகம் இருக்கா? நட்ட நடுவுல ஆணியில ஓட்டை போட்டு, மூணையும் வரிசையா நிறுத்தி, அந்தப் பக்கம் மெழுகுவத்தி கொளுத்தி வெச்சே. நடு அட்டை நிக்க மாட்டேன்னு சாஞ்சுக்கிட்டே இருந்துச்சு, உங்கப்பாவை அதைப் புடிக்கச் சொன்னே. காட்டுல வேலை செஞ்சுட்டு வந்த மனுசன், கை நடுங்கும், "ஆட்டாதீங்கப்பா, ஆட்டாதீங்க"ன்னு அவரை அதட்டினே. என்னைக் கூப்பிட்டு ஓட்டை வழியாப் பார்க்கச் சொன்னே. சுடர் தெரிஞ்சுது. அப்புறம் நடு அட்டையை ஒரு விரல் அளவு நகர்த்தினே, ஒண்ணுமே தெரியல. "பாரும்மா, வெளிச்சம் நேராத்தான் போகும்"னே. ஏண்டா, சுத்திக்கிட்டு வரக் கூடாதான்னு நான் கேட்டேன். "அதுக்கு வளையத் தெரியாதும்மா"ன்னு சொல்லிட்டு என்னவோ நீயே கண்டுபுடிச்ச மாதிரி சிரிச்சே. உங்கப்பா மட்டும் சிரிக்கல. "அப்படின்னா தண்ணியை விட இது பாவப்பட்டது போல இருக்கே"ன்னாரு.

அவரு சொன்னதை நான் அப்புறம் பல தடவை நெனைச்சுப் பார்த்திருக்கேன். தண்ணியை ஒருத்தன் மறிச்சா அது தேங்கும், சுத்தும், வரப்புல ஓட்டை தேடும், எப்படியாவது கீழ போயிச் சேர்ந்துரும். மறிச்சவன் கூட நாலு பேரு சொன்னா வாய்க்காலை வேற பக்கமா வெட்டி விடலாம். வெயிலை அப்படித் திருப்ப முடியாது. அது வர்ற வழி ஒண்ணே ஒண்ணு, அதுல ஒருத்தன் நின்னுட்டா அவனுக்குப் பின்னாடி இருக்கறவனுக்கு இல்ல, அவ்வளவுதான். சூரியன்ல இருந்து பூமிக்கு வர எட்டு நிமிசம் ஆகும்னு நீதான் சொன்னே. அத்தனை தூரம், நடுவுல யாரும் குறுக்க நிக்காம, யார்கிட்டயும் கேக்காம வந்துருது. கடைசியில நம்ம மேட்டுக்கு வந்து, இன்னும் ஒரு கூப்பிடு தூரம் இறங்குனா பழனியம்மா கதிர்ல விழுந்துரும்ங்கற எடத்துல, நீ நின்னு மறிக்கப் போறே. நினைச்சாலே எனக்குக் கூசுது.

வளையறதுக்கு வழி இருக்குன்னு போன தடவை வந்தப்பச் சொன்னே. நம்ம கொண்டை ஊசி வளைவு ரோட்டோரமாக் கேபிள் போட்டிருக்கான், அதுக்குள்ள முடி மாதிரிக் கண்ணாடி இருக்கு, நம்ம பேச்செல்லாம் வெளிச்சமா மாறி அதுல வளைஞ்சு வளைஞ்சு மலை ஏறி வருதுன்னே. கேக்கவே எனக்குச் சந்தோசமா இருந்துச்சு, உன் குரல் வெளிச்சமா வருதுன்னு நாலு பேருகிட்டச் சொல்லிக்கிட்டேன். ஆனா அங்கயும் அது தானா வளையலயாமே. முட்டற எடத்துல எல்லாம் கண்ணாடி நின்னு திருப்பித் திருப்பி விடுதுன்னு நீதான் வெளக்கினே. பழனியம்மா வயலுக்கு அப்படிக் கண்ணாடி எவன் வெப்பான்? அதுக்கும் அன்னைக்கு உங்ககூட வந்த இஞ்சினியரு பதில் வெச்சிருந்தாரு. எதிர்க்கரையில ஒரு பெரிய கண்ணாடி வெச்சு வெயிலைத் திருப்பி வயல்ல அடிக்கலாமாம். அவரு விளையாட்டுக்குச் சொன்னாரா நெசமாச் சொன்னாரான்னு தெரியல, நீ மட்டும் தலையை ஆட்டினே.

திருப்பி விடற வெளிச்சத்தை எனக்கும் தெரியும். எனக்குக் கல்யாணம் ஆகி வந்த புதுசுல, உங்கப்பா எதிர்ச்சரிவுல மரவள்ளிக் காட்டுல நிப்பாரு. இங்கிருந்து கத்தினாக் கேக்காது. சோறு ஆச்சுன்னா நான் எவர்சில்வர் தட்டை வெயில்ல காட்டி அவரு பக்கமா மினுக்குவேன். ஒரு தடவை மினுக்கினாச் சோறு, விடாம மினுக்கினா ஊட்டுக்கு ஒறம்பரை சனம் வந்திருக்குதுன்னு அர்த்தம். நாங்க மட்டும் இல்ல, அந்தச் சரிவுல இருந்த எல்லா ஊட்டுப் பொம்பளைகளும் அப்படித்தான். அவரு தலையைத் தூக்கி, கண்ணு கூசி, கையை ஆட்டுவாரு. அவ்வளவு தூரம் என் தட்டு வெளிச்சம் போயி அவரு முகத்துல விழுதேன்னு எனக்கு அப்ப ரொம்பப் பெருமையா இருக்கும். ஆனா அந்த வெளிச்சம் ஆளைக் கூப்புடும் சாமி, பனியை உலர்த்தாது. எதிர்க்கரையில ஒரு கண்ணாடி நின்னு அரை மணி நேரம் மினுக்கறதும், வயல் முழுக்க வெயில் விரிஞ்சு கெடக்கறதும் ஒண்ணாகுமா?

நம்ம பக்கத்துல ஒரு வழக்கம் இருக்கு, நீ மறந்திருக்க மாட்டே. கார்த்திகை பொறக்கறதுக்குள்ள மேல்காட்டுக்காரங்க கீழ்வயலுக்குக் கிழக்குக் கரையில நிக்கற மரத்துக் கிளையெல்லாம் கழிச்சு விட்டுரணும். கழிச்ச தழை கீழ்வயல்காரங்களுக்கு. யாரும் வந்து கேக்க மாட்டாங்க, யாரும் போயிச் சொல்லவும் மாட்டாங்க. உங்கப்பா ஒரு வருசம் கழிக்காம விட்டாரு. சில்வர் ஓக்குல மிளகுக் கொடி ஏத்தி, அந்த வருசம்தான் முதல் தடவையாச் சரம் சரமா எறங்கியிருந்துச்சு. அருவா பட்டாக் கொடி அறுந்துரும், மிளகு எடுத்துட்டுக் கழிச்சுக்கலாம்னாரு. நானும் சரின்னேன். எங்களுக்கு மிளகு வந்துச்சு. பழனியம்மாளுக்கு வைக்கோல்தான் வந்துச்சு.

அவ சண்டைக்கு வரல. தை ஒண்ணாந்தேதி வெடிஞ்சதும் நான் வாசல்ல கோலம் போட்டுட்டுத் திரும்பறேன், கோலத்து மேல ஒரு கட்டுக் கருக்காய்க் கதிரைக் கொண்டாந்து வெச்சுட்டுப் போறா. நல்ல நாளும் அதுவுமா, பச்சைப் புள்ளைக்காரி ஊட்டு வாசல்ல, பதரு. அன்னைக்கு நான் அவளைப் பேசின பேச்சு எதிர்க்கரை வரைக்கும் கேட்டுச்சு. அவளும் சளைக்கல, என் பொறந்த ஊடு வரைக்கும் இழுத்தா. அதோட பேச்சு நின்னு போச்சு. இப்பவும் சொல்றேன், நான் கோவப்பட்டது தப்பே இல்ல. இன்னைக்கு வெச்சாலும் அதே மாதிரித்தான் பேசுவேன். ஒரு நாள் கழிச்சு மாட்டுப் பொங்கலுக்கு வெச்சிருந்தாக் கூட நான் தாங்கிக்கிட்டிருப்பேன். நாளு கெழமை பார்க்க வேண்டாமா?

ஆனா அடுத்த ஐப்பசியில உங்கப்பா அருவாளை எடுத்துக்கிட்டு மரம் ஏறினப்ப நான் தடுக்கல. அவரு போனதுக்கு அப்புறம் ஆள் வெச்சு நானே கழிச்சு விடறேன், ஒரு வருசம் தவறல. தழையைக் கட்டுக் கட்டா வரப்புல தள்ளி விடுவேன். அவ என் மூஞ்சியைப் பார்க்க மாட்டா, நானும் பார்க்க மாட்டேன், தழையை மட்டும் இழுத்துக்கிட்டுப் போவா. ஒரு வருசம் கட்டு சின்னதா இருந்துச்சுன்னு யார்கிட்டயோ சொல்லிச் சிரிச்சாளாம், எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. அப்பவும் அடுத்த வருசம் கழிக்காம விடணும்னு தோணல. கோவம் எனக்கும் அவளுக்கும். வெயில் அவ வயலுக்குப் போறது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கற அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி கெட்டுப் போகல.

நீ கேட்டதுக்கு இதுதான் பதில். பேச்சுவார்த்தை இருக்கறவங்களுக்கு மட்டும் நாயம் பேசறதா இருந்தா, அதுக்குப் பேரு நாயம் இல்ல, சொந்தம் கொண்டாடறது. கல்யாணம் ஆகப் போறவனுக்கும் இது வேணும், அதையும் சொல்லிடறேன். உன் பொண்டாட்டியோட நீ சண்டை போடுவே, போடாதவன் எவனும் இல்ல. மூணு நாள் பேசாம இருப்பே, இரு. ஆனா அவளுக்குச் சேர வேண்டியதை, அவ சோத்தை, அவ தூக்கத்தை, அவ பொறந்த ஊட்டுக்குப் போற வழியை, கோவத்துல நிறுத்தி வெக்காதே. உங்கப்பா என்கிட்டப் பேசாத நாள்ல கூட நான் வெறகு தூக்கிட்டு வந்தா எதுக்க வந்து எறக்கி விடுவாரு. மூஞ்சியை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்குவாரு. எனக்கு அது போதுமா இருந்துச்சு.

உன்னை முன்னேற வேண்டாம்னு நான் சொல்லல. கோயமுத்தூருல ஊடு வாங்கு, வேண்டாங்கல. மேல்காட்டுலயே எதையாவது கட்டணும்னா வடக்கு மூலையில கட்டு, அங்க நிழல் பாறை மேலதான் விழும், மரத்து உயரத்துக்கு மேல போகாம ஒரு மாடி கட்டிக்கோ. அந்த ரிசார்ட்டுக்காரருகிட்ட நானே சொன்னேன். அங்கிருந்து பார்த்தா சூரியன் பொறக்கறது தெரியாதுன்னாரு. தெரியலைன்னா எந்திரிச்சு நாலு எட்டு நடந்து வந்து பார்க்கட்டுமேன்னேன். காசு குடுத்து வர்றவங்களை நடக்கச் சொல்ல முடியுங்களாம்மான்னு கேட்டாரு. சூரியனையே பார்க்க வர்றவங்க நாலு எட்டு நடக்க மாட்டாங்களா? எனக்கு அந்தப் பொழப்பு புரியல, புரிய வேண்டியதும் இல்ல.

நேத்துச் சாயங்காலம் நான் பழனியம்மா ஊட்டுக்குப் போனேன். ஊருக்குள்ள நாலஞ்சு பேரு வேலையை விட்டுட்டு நின்னு பார்த்தாங்க, பார்க்கட்டும்னு நடந்தேன். அவ மொறத்துல சாமை பொடைச்சுக்கிட்டு இருந்தா. என்னைப் பார்த்ததும் மொறம் நின்னுருச்சு. உக்காருன்னு சொல்லல, நானும் உக்காரல.

"ராசியாகறதுக்கு வரல"ன்னேன். "உன் மேல இருக்கற கோவம் அப்படியேதான் இருக்கு."

"எனக்கும் ஒண்ணும் கொறையல"ன்னா அவ.

"என் மகன் மேல்காட்டுல நாலு மாடி கட்டப் போறான். உன் வயலுக்குப் பத்து மணி வரைக்கும் வெயில் எறங்காது. வக்கீலு வெச்சுத் தடை வாங்கு. அந்தக் கரையில என்ன வழக்கம்னு கோர்ட்டுல கேட்டா நான் வந்து சொல்றேன்."

அவ மொறத்தைக் கீழ வெச்சா. "பெத்த மகனுக்கு எதிராவா?"ன்னா.

"ஆமா"ன்னேன்.

"ஊரு உன்னைக் காறித் துப்பும்."

"துப்பட்டும். தொடைச்சுக்கறேன்."

தண்ணி வேணுமான்னு கேட்டா. வேண்டாம்னுட்டு வந்துட்டேன். தாகமாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரே நாள்ல அவ்வளவு விட்டுக் குடுக்க எனக்கு முடியல.

இப்ப உன் கையிலதான் இருக்கு சாமி. கையெழுத்துப் போடாம இருந்தீன்னா இந்தக் கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுட்டுக் கல்யாண வேலையைப் பாரு, நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு முன்னால நிக்கறேன். போட்டீன்னா, கேசு நாமக்கல் கோர்ட்டுக்குப் போகும். கூப்பிட்ட அன்னைக்கு முதல் பஸ்சுக்கு நான் மலை எறங்கிருவேன். கூண்டுல ஏறி, உன் மூஞ்சியைப் பார்த்து, இவன் என் மகன், இவன் செய்யறது தப்புன்னு சொல்லுவேன். குரல் நடுங்காது. உனக்கு ஓட்டல் சோறு ஒத்துக்காது, அதனால வர்றப்பவே கட்டிக்கிட்டுத்தான் வருவேன். சாட்சி சொல்லி முடிச்சுட்டு, வெளிய வேப்ப மரத்தடியில உன் பக்கத்துல வந்து உக்காந்து, உனக்குப் போட்டுட்டுத்தான் நான் சாப்பிடுவேன். அன்னைக்கு என் கையால சாப்பிடாம உன்னால எந்திரிச்சுப் போக முடியுதான்னு பார்க்கறேன்.